பெரிய பிசிடி வேண்டாம், நம்ம பக்கத்து கடலுக்கு லேசானதே போதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அந்தமான் ஸ்கூபா டைவிங் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். எந்த மாசம் தண்ணி தெளிவா இருக்கும், கோர்ஸ் முடிக்க எத்தனை நாள் ஆகும், மெடிக்கல் ஃபார்ம் எதுக்கு கேக்கறாங்கன்னு எல்லாமே பொறுப்பா எழுதியிருந்தாங்க, தமிழ்ல இந்த விஷயம் இவ்வளவு விரிவா வர்றதே அபூர்வம், அதுக்கு மனசார நன்றி. ஆனா கடைசியில ஒரு பெட்டி போட்டு சொந்தமா கியர் வாங்கறவங்களுக்கு யோசனைன்னு நாலு வரி இருந்தது பாருங்க, அதுல டைவிங் ஜாக்கெட்டான பிசிடி வாங்கும்போது அது தூக்கற கனம், அதாவது லிஃப்ட், எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு, நல்ல கனமான ஜாக்கெட்டா பாத்து வாங்குங்கன்னு போட்டிருந்தது. அதைப் படிச்சதுல இருந்து எழுதணும் எழுதணும்னு இருந்தேன். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, திரிகோணமலைன்னு போற நம்ம ஆளுங்களுக்கு இந்த யோசனை நேர் எதிரானது, அத நம்பி முப்பதாயிரம் நாப்பதாயிரம் செலவு பண்ணிட்டு தூக்க முடியாம தூக்கிட்டுப் போய் தண்ணிக்குள்ளயும் கஷ்டப்படுவாங்க.

டைவிங் பண்ணாதவங்களுக்காக ஒரு வார்த்தை. பிசிடிங்கறது டேங்க்க முதுகுல பிடிச்சு வைக்கற ஜாக்கெட், அதுக்குள்ள ஒரு காத்துப்பை இருக்கும், அதைத்தான் பிளாடர்னு சொல்வாங்க. இடது தோள் பக்கம் தொங்கற ஹோஸ் முனையில இருக்கற பட்டன அமுக்கினா டேங்க்ல இருந்து அதுக்குள்ள காத்து போகும், இன்னொரு பட்டன அமுக்கினா வெளிய வரும். காத்து சேர்த்தா மேல வருவோம், விட்டா இறங்குவோம், சரியா வச்சா அந்தரத்துல நிப்போம். அவ்வளவுதான் அதோட வேலை. 1961ல பிரான்ஸ்ல மோரிஸ் ஃபென்சி கழுத்துல மாட்டற ஒண்ணுக்கு பேட்டன்ட் வாங்கினாரு, 1971ல ஸ்கூபாப்ரோ கம்பெனி கை விட்டு போட்டுக்கற ஜாக்கெட்ட கொண்டு வந்தாங்க, இன்னைக்கு வாடகைக்கு கிடைக்கறது பெரும்பாலும் அந்த வழியில வந்ததுதான். லிஃப்ட்னா அந்த பை முழுசா ஊதினா எத்தனை கிலோவ தூக்கி நிறுத்தும்ங்கற கணக்கு.

இப்போ அந்த கணக்கையே எடுத்துக்கலாம். நம்ம பக்கம் டைவ் ஷாப் எல்லாம் குடுக்கறது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியம் டேங்க், 200 பார் அழுத்தத்துல நிரப்பினா உள்ள இருக்கற காத்தோட எடையே ஏறக்குறைய 2.5 கிலோ. காத்துக்கு எடையான்னு நிறைய பேர் ஆச்சரியப்படுவாங்க, ஆனா லிட்டருக்கு 1.2 கிராம்னு, 11ஐ 200ஆல பெருக்கி வர்ற ரெண்டாயிரத்து சொச்சம் லிட்டருக்கு போட்டுப் பாருங்க. அந்த காத்த மூச்சா விட்டுத் தீர்த்ததும் அதே டேங்க் கடல்ல மிதக்க ஆரம்பிச்சிடும், காலி ஆனா கிட்டத்தட்ட ரெண்டு கிலோ மேல இழுக்கும். தண்ணிக்குள்ள இறங்கறதுக்காக இடுப்புல ஈயக்கட்டி கட்டுவோம், அத டைவ் முடியற நேரத்துக்கு சரியா இருக்கற மாதிரி கட்டினா ஆரம்பத்துல நாம 2.5 கிலோ அதிக கனமா இருப்போம், அத பிசிடி தூக்கணும். அடுத்தது வெட்சூட், அதாவது குளிராம இருக்க போடற நுரைரப்பர் உடுப்பு. தண்ணி 28 டிகிரி இருக்கற அந்தமான் ஹேவ்லாக் தீவுல நாம போடறது 3 மில்லிமீட்டர் தடிமன் சூட், அதுவும் பல பேர் அரைக்கை அரைக்கால் சூட்தான், சில பேர் வெறும் ரேஷ்கார்டுங்கற மெல்லிசான நீச்சல் சட்டையோடயே இறங்கறாங்க. அந்த சூட்டுல இருக்கற குட்டிக் குட்டி காத்துக்குமிழ் ஆழத்துல நசுங்கி மிதப்ப இழக்கும், 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, 30 மீட்டர்ல நாலு மடங்கு. அப்படி நசுங்கினாலும் 3 மில்லியில போறது ஒரு கிலோ, மிஞ்சிப்போனா ஒன்றரை. ஆக தண்ணிக்குள்ள எந்த நேரத்துலயும் பிசிடி தூக்க வேண்டியது நாலு கிலோதான். மேல வந்து படகுக்காக காத்திருக்கும்போது தலை தண்ணிக்கு வெளிய நிக்கணும், அதுக்கு ஒரு அஞ்சு கிலோ வச்சுக்கங்க, கூட வந்தவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பிடிச்சு நிறுத்த கொஞ்சம் கையிருப்பும் வச்சுக்கங்க. எல்லாம் சேர்த்தாலும் 10லேருந்து 14 கிலோ லிஃப்ட் இருக்கற பிசிடி தாராளம். லேசான டிராவல் பிசிடி பெரும்பாலும் இந்த அளவுலதான் வருது. இருபது கிலோ, அதுக்கும் மேல தூக்கற ஜாக்கெட் எல்லாம் 7 மில்லி சூட்டோ, தண்ணியே உள்ள வராத டிரைசூட்டோ போட்டு, ஸ்டீல் டேங்க் மாட்டி, பத்து பன்னெண்டு கிலோ ஈயத்தோட குளிர்ந்த கடல்ல இறங்கறவங்களுக்காக செஞ்சது. அவங்களுக்கு அது அவசியம், நமக்கு அது வெறும் சுமை.

அதிகமா இருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது, தேவைப்படும்போது ஊதிக்கலாமேன்னு கேக்கலாம். பெரிய பைக்குள்ள கொஞ்சம் காத்து இருந்தா அது அங்க இங்க ஓடும், தலைய லேசா சாய்ச்சாலே காத்து ஒரு மூலைக்கு போய் உடம்ப திருப்பும், டம்ப் வால்வு இருக்கற இடத்துக்கு காத்த கொண்டு வந்து வெளியேத்தறதுக்குள்ள மேல போக ஆரம்பிச்சிடுவோம், மேல போகப் போக உள்ள இருக்கற காத்து விரியும், விரிஞ்சா இன்னும் வேகமா மேல போவோம். புதுசா கத்துக்கிட்டவங்க சட்டுனு மேல போயிடறதுக்கு இது ஒரு பெரிய காரணம். பெரிய ஜாக்கெட்டுன்னா தண்ணிய கிழிச்சுட்டு போற பரப்பும் பெருசு, ஒவ்வொரு உதைக்கும் கூடுதல் உழைப்பு, கூடுதல் மூச்சு, டேங்க் சீக்கிரம் காலி.

இதுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு, எனக்கு மனசு ரொம்ப கஷ்டப்படறது இதுலதான். பெரிய பிசிடியும் அதிக ஈயமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டே வருது. பயந்துட்டு இறங்க முடியாம தவிக்கறவங்களுக்கு சுலபமா இருக்கட்டும்னு ரெண்டு கிலோ சேர்த்து கட்டி விடறாங்க, இடுப்புல அந்த கனம் கீழ இழுக்க, நெஞ்சு பக்கம் ஊதின காத்து மேல இழுக்க, ஆள் சாய்வா நின்னுட்டு கால் தரைக்கு பக்கத்துல தொங்கும். கால்ல மாட்டின ஃபின், அதாவது துடுப்பு, அதோட முனை ஒவ்வொரு உதைக்கும் பவளத்துல படுது. கட்டியா வளர்ற பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், தட்டு தட்டா இருக்கறது, கொம்பு விட்டு வளர்றது எல்லாம் ஒரே உதையில முறிஞ்சிடும். 2010ல அந்தமான் கடல் சூடாகி பவளம் வெளுத்துப் போனதுக்கு அப்பறம் தப்பிச்சு மறுபடி துளிர்த்து வந்ததுதான் இப்போ பல இடத்துல நாம பாக்கறது. வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட முதல் அட்டவணையில புலிக்கு குடுத்த இடத்த இந்தப் பவளத்துக்கும் குடுத்திருக்காங்க. அத பாக்கணும்னு ஆசையா போறவங்க கையாலயே, சரியா சொன்னா காலாலயே, அது உடையறதுக்கு பாதி காரணம் மிதப்பு சரியில்லாததுதான். அதனாலதான் பெட்டிச் செய்தியில நாலு வரிதானேன்னு என்னால விட முடியல.

பிசிடி வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு சோதனை பண்ணணும். டைவ் முடிஞ்சு டேங்க்ல 50 பார் இருக்கும்போது, படகுல ஏறாம, பக்கத்துல ஆள வச்சுக்கிட்டு, மூச்சு இழுக்கற ரெகுலேட்டர் வாயிலயே இருக்கட்டும், பிசிடில இருக்கற காத்த மொத்தமா விட்டுடுங்க. கால உதைக்காதீங்க, அதுதான் முக்கியம், பல பேர் தெரியாமலே உதைச்சுட்டு இருப்பாங்க, கணுக்கால ஒண்ணு மேல ஒண்ணா பின்னிக்கங்க. சாதாரணமா ஒரு மூச்சு இழுத்து நிறுத்தினா தண்ணி மட்டம் கண்ணுக்கு நேரா மாஸ்க் நடுவுல நிக்கணும், மூச்ச விட்டா மெதுவா உச்சந்தலை முங்கணும். நெத்தி முழுக்க வெளிய நின்னா ஈயம் பத்தல, கல்லு மாதிரி போனா அதிகம், ஒவ்வொரு கிலோவா கழட்டி பக்கத்துல இருக்கறவங்க கையில குடுத்துட்டு மறுபடி பாருங்க. முழு டேங்க்கோட பண்ணினா கடைசியில ரெண்டு கிலோ சேர்த்துக்கணும், காலியாகப் போற காத்தோட கணக்கு அது. இத ஒழுங்கா பண்ணினா ஆறு கிலோ கட்டிட்டு இருந்தவங்க நாலுக்கோ மூணுக்கோ வர்றத நான் நிறைய பாத்திருக்கேன். எனக்கு எவ்வளவு ஈயம் வேணும்னு தெரிஞ்ச அப்பறம்தான் எந்த பிசிடின்னு கேள்வியே வரணும்.

அடுத்தது லக்கேஜ், டிராவல் பிசிடி வாங்கறவங்க எல்லாம் முதல்ல யோசிக்கறது இதைத்தான். சென்னையில இருந்து அந்தமான் போற விமானத்துல பொதுவா செக்-இன் 15 கிலோ, கையில 7 கிலோ, மாலத்தீவுல சீப்ளேன்ல போறதா இருந்தா அங்கயும் எடை போட்டுத்தான் ஏத்துவாங்க. ரெகுலேட்டர் செட் ரெண்டரை மூணு கிலோ, அத கையிலயே எடுத்துட்டுப் போங்க, செக்-இன்ல போட்டு தூக்கி எறிய விடாதீங்க. ஃபின் ரெண்டு கிலோ பக்கம், சூட் ஒரு கிலோ சொச்சம், அப்பறம் மாஸ்க், பூட்ஸ், டார்ச், துணிமணி. இதுல பழைய ஜாக்கெட் பிசிடி நாலு அஞ்சு கிலோ இருந்தா அங்கயே மூணுல ஒரு பங்கு போச்சு. டிராவல் பிசிடி ரெண்டுலேருந்து மூணு கிலோ, ஆக மிச்சமாகறது ஒண்ணரை ரெண்டு கிலோ. நல்ல மிச்சம்தான், ஆனா அதுக்காக முப்பதாயிரத்துக்கு மேல குடுக்கறதுக்கு முன்னாடி உங்க பைய எடை போட்டுப் பாருங்க. சக்கரம் வச்ச டைவ் பேக் பலது வெறும் பையே நாலு கிலோ இருக்கு. அத மாத்தினா ரெண்டாயிரம் ரூபாயில அதே ரெண்டு கிலோ மிச்சம். என்னை கேட்டா பைதான் முதல்ல மாத்த வேண்டியது. ஈயத்த யாரும் தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல, அது எந்த ஷாப்லயும் குடுப்பாங்க.

கடையில தராசுல வச்சு இது லேசு அது கனம்னு பாக்கறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, இத விக்கறவங்க பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. வெளிய லேசா இருக்கறது தண்ணிக்குள்ளயும் நல்லதுன்னு அர்த்தமில்ல. முதுகுக்கு மெத்துன்னு ஸ்பாஞ்ச் வச்சு தச்ச பிசிடி, காத்து துளி கூட இல்லாதப்பவும் தானே மிதக்கும், சிலது ஒரு கிலோ ஒண்ணரை கிலோ வரைக்கும். அந்த மிதப்ப அடக்க அதே அளவு ஈயம் கூட கட்டணும். அப்போ ஏர்போர்ட்ல மிச்சம் பிடிச்சத இடுப்புல கட்டிக்கறோம். வாங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சா ஒரு நீச்சல் குளத்துல, பை காத்த எல்லாம் பிழிஞ்சு எடுத்துட்டு, எல்லா பாக்கெட்டையும் திறந்து தண்ணிக்குள்ள நல்லா அமுக்கி பிசைஞ்சு விட்டு கைய எடுங்க. மெதுவா முங்கினா நல்ல பிசிடி. முரண்டு பிடிச்சு மேலயே நின்னா அத அங்கயே விட்டுட்டு வந்துடலாம்.

வகைன்னு பாத்தா நம்ம தேவைக்கு மூணு போக்கு இருக்கு. முதல்ல துணியாலயே செஞ்சு முதுகுல கெட்டியான பிளாஸ்டிக் தட்டு இல்லாம மடிச்சு சுருட்டற மாதிரி வர்றது, அக்வாலங் ஸூமா இந்த மாதிரி, ரெண்டு கிலோ அளவுல இருக்கும். கிரெஸ்ஸி டிராவலைட், ஸ்கூபாப்ரோ கோ எல்லாம் இதுக்கு கொஞ்சம் மேல, மூணு கிலோக்குள்ள, கொஞ்சம் உறுதியானது, பாக்கெட் வசதியும் இருக்கும். அடுத்தது பேக்பிளேட்டும் விங்கும், ஒரு உலோகத் தட்டு, அதுல ஒரே நீள வார், பின்னாடி மட்டும் காத்துப்பை. குகை டைவர்கள் கிட்ட இருந்து வந்த அமைப்பு, அநாவசியமா ஒண்ணும் இருக்காது, கெட்டுப் போக ஒண்ணும் இருக்காது. ஸ்டீல் தட்டுன்னா தட்டே ரெண்டரை மூணு கிலோ, ஆனா அது ஈயத்துக்கு பதிலா வேலை செய்யும், அலுமினியம் தட்டு ஒரு கிலோ பக்கம்தான். 3 மில்லி சூட்டோட மூணு கிலோ ஈயம் போடற ஒருத்தர் ஸ்டீல் தட்டு வாங்கினா ஈயமே தேவைப்படாம போகலாம், கேக்க நல்லா இருக்கும், ஆனா அவசரத்துக்கு கழட்டி எறிய ஒண்ணும் இருக்காது, வெறும் ரேஷ்கார்டோட இறங்கினா ஆரம்பத்துலயே கனம் அதிகமாயிடும். நம்ம கடலுக்கு அலுமினியத் தட்டும் சின்ன விங்கும் போதும்ங்கறது என் கருத்து. மூணாவது போக்கு ஸ்கூபாப்ரோ ஹைட்ரோஸ் ப்ரோ மாதிரி தண்ணியே உறிஞ்சாத பொருள்ல வார்த்து செஞ்சது, அது சட்டுனு காய்ஞ்சிடும், ஆனா எடை மூணு கிலோவ தாண்டிடும், விலையும் அதிகம். எது வாங்கினாலும் பின்பக்கம் மட்டும் காத்து நிரம்பற வகைன்னா மேல மிதக்கும்போது அதிகமா ஊதினா முகத்த தண்ணிப் பக்கம் தள்ளும், அதுக்கு கொஞ்சமா ஊதி லேசா பின்னாடி சாய்ஞ்சுக்கணும், ரெண்டு டைவ்ல பழகிடும். பக்கவாட்டுல நிரம்பற ஜாக்கெட் முழுசா ஊதினா விலாவ இறுக்கி மூச்சு வாங்கும், ஒல்லியான உடம்புக்கு அது இன்னும் தெரியும்.

லேசாக்கறதுக்கும் ஒரு எல்லை உண்டு. பாக்கெட், பஞ்சு, அலங்காரம், சாமான் மாட்டற அஞ்சாறு டி-ரிங் வளையம் இதெல்லாம் குறைச்சுக்கலாம். காத்த வெளிய விடற டம்ப் வால்வு குறைஞ்சது ரெண்டு இருக்கணும், தோள் கிட்ட ஒண்ணு, இடுப்புக்கு கீழ பின்பக்கம் ஒண்ணு, தலைகீழா இறங்கும்போது கீழ இருக்கறதுதான் காத்த விடும். கயிற இழுத்தா சட்டுனு திறக்கணும், விட்டா முழுசா மூடணும், கடையிலயே பத்து தடவை இழுத்துப் பாருங்க. ஹோஸ் முனையில இருக்கற இன்ஃப்ளேட்டர் பட்டன் ரெண்டும் கண்ண மூடிட்டு தொட்டா வித்தியாசம் தெரியணும். ஹோஸ் மாட்டற கனெக்டர் எல்லாருக்கும் பொதுவான அளவா இருக்கறது நல்லது, மாத்து ரெகுலேட்டரையே இன்ஃப்ளேட்டரோட சேர்த்து வர்ற சிலதுக்கு தனி ஹோஸ் வேணும், தீவுல அது போச்சுன்னா யார் கிட்டயும் கடன் வாங்க முடியாது. சின்ன பாக்கெட் இருந்தாலும் பரவாயில்ல, ஆனா நீளமான ஆரஞ்சு சிக்னல் பலூனும் அதோட கயித்துச் சுருளும் வைக்க இடம் இருக்கணும், நீரோட்டம் இருக்கற இடத்துல மேல வந்ததும் படகுக்காரங்க நம்மள பாக்கறது அத வச்சுத்தான். மேல தூக்கிக் குடுக்க உறுதியான கைப்பிடி ஒண்ணு வேணும், ஹேவ்லாக்ல சின்ன டுங்கி படகுல போறப்போ பல நேரம் பிசிடிய தண்ணியிலயே கழட்டி மேல குடுத்துட்டுத்தான் ஏறணும், அந்த நேரத்துல டேங்க்கோட மொத்த கனமும் அந்த ஒரு தையல்லதான் தொங்குது.

ஈயத்த கழட்டி விடற வசதிய மட்டும் எந்த காரணத்துக்கும் விட்டுக் குடுக்காதீங்க. நம்ம மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிச்சவங்க கல்லுல கால வச்சு இறங்கி, அடியில போனதும் கல்ல விட்டுட்டு வேலைய பாத்துட்டு கயித்த பிடிச்சு மேல வந்தாங்க, இறங்க உதவின கனம் ஏறும்போது கூட வரக்கூடாதுங்கறத எந்த புத்தகமும் இல்லாம தெரிஞ்சு வச்சிருந்தாங்க. பிசிடியோட சேர்ந்த வெயிட் பாக்கெட் இருந்தா ஒரே இழுப்புல ரெண்டும் கையோட வரணும், பின்னாடி இருக்கற குட்டிப் பாக்கெட்டுல போடறது கழட்ட முடியாதது, அதுல அதிகமா வைக்காதீங்க. ரெண்டு மூணு கிலோதான் தேவைன்னா வெயிட் பாக்கெட்டே இல்லாத பிசிடி வாங்கி சாதாரண பெல்ட்ட கட்டிக்கறது இன்னும் நல்லது, பிசிடியும் லேசாகும், விலையும் குறையும், பெல்ட் எந்த ஷாப்லயும் கிடைக்கும், பக்கிள தட்டினா விழுந்திடும்.

டேங்க்க கட்டற பட்டைய பத்தியும் சொல்லணும், லேசான பிசிடில அது பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். நைலான் பட்டை தண்ணி பட்டா கொஞ்சம் நீளும், காய்ஞ்ச பட்டைய கரையிலயே இறுக்கிட்டு தண்ணியில குதிச்சா அஞ்சு நிமிஷத்துல தளர்ந்து டேங்க் நழுவ ஆரம்பிக்கும். அதனால முதல்ல பட்டைய தண்ணியில முக்கி ஒரு நிமிஷம் ஊற விட்டு, அப்பறம் பக்கிள்ல சொன்ன வரிசையில கோத்து, டேங்க் கழுத்தும் பிசிடி மேல்விளிம்பும் ஒரே மட்டத்துல வர்ற மாதிரி வச்சு, பக்கிள மடக்கும்போது உள்ளங்கைய வச்சு அமுக்கித்தான் மூடற மாதிரி இருக்கணும், ரெண்டு விரல்ல மூடினா அது தளர்ச்சி. அப்பறம் பிசிடி கைப்பிடிய பிடிச்சு டேங்க்கோட ஒரு சாண் மேல தூக்கி ரெண்டு குலுக்கு குலுக்குங்க, டேங்க் ஒரு இம்மி கூட நகரக்கூடாது. கழுத்துல மாட்டற சின்ன வளைய வார் இருந்தா அதையும் மாட்டுங்க, பட்டை நழுவினா கூட அது டேங்க்க பிடிச்சு நிறுத்தும்.

அளவு விஷயத்துல நம்ம ஊர் ஆளுங்க நிறைய ஏமாறுறாங்க. வெளிநாட்டு கம்பெனி அளவு எல்லாம் தடிமனான சூட் போட்ட உடம்புக்கு கணக்கு போட்டது, நீங்க எந்த துணியில டைவ் பண்ணுவீங்களோ அத போட்டுட்டு போய் அளவு பாக்கணும். வயித்துப் பட்டைய இறுக்கினதுக்கு அப்பறமும் வார் இழுக்க இன்னும் மிச்சம் இருக்கணும், ஏன்னா ஆழத்துல சூட் நசுங்கும். அதுக்கப்பறம் பையில முழுசா காத்து ஊதிட்டு ஒருத்தர விட்டு தோள்பட்டைய பிடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறினா அது அண்ணன் சட்டைய தம்பி போட்ட மாதிரிதான், தண்ணி மேல மிதக்கும்போது ஜாக்கெட் மேல போய் ஆள் கீழ தொங்குவாரு. கால் நடுவுல போடற வார் ஒண்ணு சேர்த்தா இந்த தொல்லை பாதி தீரும், லேசான பிசிடிக்கு அத நான் கண்டிப்பா சொல்வேன். பெண்களுக்கு வார் நெஞ்சுக்கு நடுவுல நேரா வர்றத விட ஓரமா வளைஞ்சு போற அமைப்பு வசதி, முதுகு நீளம் குறைவா இருக்கறவங்களுக்கு டேங்க் அடிப்பக்கம் இடுப்புல இடிக்குதான்னும் பாக்கணும். மதுரையில இருந்து ஒரு தங்கச்சி, கல்யாணமாகி முதல் டிரிப் அந்தமான் போறவங்க, எந்த பிராண்ட் அண்ணா வாங்கறதுன்னு கேட்டாங்க, முதல்ல வாடகை பிசிடில ரெண்டு மூணு அளவு போட்டுப் பாத்துட்டு வாங்கம்மா, பிராண்ட அப்பறம் பேசலாம்னேன்.

காயறது பத்தி யாரும் பேசறதில்ல, ஆனா வெப்பக் கடல் பயணத்துல அது பாதி விஷயம். பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணினவங்க கடைசி டைவுக்கு அப்பறம் குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சுத்தான் விமானம் ஏறணும்னு டைவர்கள் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு சொல்லுது, ஒரே ஒரு சாதாரண டைவுன்னா 12 மணி நேரம். அந்த 18 மணி நேரம்தான் உங்க பிசிடி காய கிடைக்கற நேரமும். அந்தமான் காத்துல இருக்கற ஈரத்துக்கு பஞ்சு வச்ச தடி ஜாக்கெட் காயவே காயாது, ஈரத்தோட மடிச்சு வச்சா ஒரு கிலோ கூடுதலா ஏர்போர்ட் தராசுல ஏறும், வீட்டுக்கு வர்றதுக்குள்ள நாத்தமும் வந்திடும். மெல்லிசா பஞ்சில்லாம இருக்கறது ஒரு ராத்திரி காத்தாட தொங்க விட்டாலே போதும். வெயில்ல போடாதீங்க, நிழல்ல தொங்க விடுங்க, வெயில் துணியோட நிறத்தையும் வலுவையும் சேர்த்து எடுத்திடும். தொங்க விடறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி, ஷாப் தொட்டியில சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் முக்கி முக்கி அதுவே உப்புத்தண்ணி ஆகியிருக்கும், அதனால ரூம் குழாயில பிடிச்ச தண்ணிய இன்ஃப்ளேட்டர் வாய் வழியா பைக்குள்ள மூணுல ஒரு பங்கு ஊத்தி, கொஞ்சம் ஊதி, எல்லா பக்கமும் குலுக்கி, கீழ் வால்வு வழியா வடிய விடுங்க. பட்டன அமுக்கிட்டே ஒரு தடவை அது வழியாவும் தண்ணி ஓட்டுங்க, அங்க தங்கற உப்புதான் காய்ஞ்சு படிகமாகி அடுத்த டிரிப்ல பட்டன அமுக்கினா அமுங்கினபடியே மாட்டிக்க வைக்குது, அப்போ காத்து நிக்காம ஏறும், உடனே ஹோஸ கழட்டத் தெரிஞ்சிருக்கணும். ஃப்ளைட்டுக்கு மடிக்கும்போது பைய நல்லா காலியாக்கிட்டு மடிங்க, மேல பறக்கும்போது உள்ள மிச்சம் இருக்கற காத்து விரியும்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போறவங்க பிசிடியே வாங்க வேண்டாம்னுதான் சொல்வேன். நம்ம நாட்டுல பெரும்பாலும் டைவ் விலையிலயே கியர் வாடகையும் சேர்ந்துதான் இருக்கு. அந்த காசுல முதல்ல முகத்துக்கு சரியா ஒட்டற மாஸ்க், அடுத்தது ஆழமும் நேரமும் காட்டற ஒரு டைவ் கம்ப்யூட்டர், அதுக்கப்பறம் ரெகுலேட்டர், கடைசியிலதான் பிசிடி. வருஷத்துக்கு ரெண்டு டிரிப்பாவது போறவங்களுக்கும், உடம்பு அளவு வாடகையில கிடைக்காத அளவுக்கு சின்னதாவோ பெருசாவோ இருக்கறவங்களுக்கும் சொந்தமா வாங்கறதுல அர்த்தம் இருக்கு, எப்பவும் ஒரே பிசிடின்னா கை தானா வால்வ தேடிப் போகும்.

ஆசிரியர் ஐயாவுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்த பெட்டியில வந்த லிஃப்ட் பத்தின வரிய அடுத்த ஞாயித்துக்கிழமை இணைப்புலயே திருத்தி போடுங்க, ஒரு வரி போதும், வெப்பக் கடலுக்கு 10லேருந்து 14 கிலோ லிஃப்ட் இருக்கற லேசான பிசிடி போதும், வாங்கறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டரோட இறங்கி ஈயம் சரி பாத்துக்கங்கன்னு போட்டா சரி. அக்டோபர்ல இருந்து சீசன் ஆரம்பிக்குது, தீபாவளி போனஸ்ல கியர் வாங்க நிறைய பேர் காத்துட்டு இருப்பாங்க, அதுக்குள்ள வந்துட்டா நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை.